கடிதம் படித்துக் காட்டுபவர்: உஸ்மான் செம்பேன் நாவலிலிருந்து சினிமாவுக்குப் போன கதை

செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரில் ஒரு தபால் நிலையம். பாரிஸிலிருந்து சகோதரி மகன் போட்ட கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் நிற்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அங்கே மேசை போட்டு உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தும் படித்துக் காட்டியும் பிழைக்கிற ஒருவரிடம் அதை நீட்டுகிறார். அந்த ஆள் வாங்கிப் படிக்கிறார். வீட்டு விஷயம், பண விஷயம், பையன் அங்கே படுகிற பாடு எல்லாம் ஓர் அந்நியனின் குரலில் வெளியே வருகிறது. படித்து முடித்ததும் அதற்கான கூலியைக் கேட்கிறார்.

1968-இல் வந்த ‘மந்தாபி’ படத்தில் வரும் காட்சி இது. தலைப்புக்கு மணியார்டர் என்று பொருள். கடிதம் படித்துக் காட்டுகிற அந்த ஆளாக நடித்திருப்பவர் படத்தின் இயக்குநரான உஸ்மான் செம்பேன். அதற்கு இரண்டு வருடம் முன்னால் எடுத்த ‘லா நுவார் தெ...’ படத்திலும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கிற ஒரு பாத்திரத்தில்தான் வந்தார். அதில் அவர் குடிசைப் பகுதியில் பாடம் சொல்லித் தருகிற ஆசிரியர். கடிதம் எழுதத் தெரியாத ஒரு தாய்க்கு எழுதிக் கொடுப்பவரும் அவர்தான்.

ஒரு நாவலாசிரியர் தன் படத்தில் தனக்கென்று எடுத்துக்கொண்ட வேடம் இதுதான் என்பதைக் கவனித்த பிறகு, செம்பேனின் வாழ்க்கை முழுவதையும் நான் அந்த மேசையிலிருந்தே பார்க்கத் தொடங்கினேன். எழுதத் தெரிந்தவனுக்கும் தெரியாதவர்களுக்கும் நடுவில் அந்த மேசை கிடக்கிறது. அதைத் தாண்டி அந்தப் பக்கம் போக அவர் நாற்பது வருடத்துக்கு மேல் முயன்றார். அந்த முயற்சியைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறேன்.

துறைமுகத்திலிருந்து

செம்பேன் 1923-இல் தெற்கு செனகலின் கசமான்ஸ் பகுதியில், சிகின்ஷோர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மீனவர். மகனுக்கோ கடலில் இறங்கினால் குமட்டல், அதனால் மீன்பிடித் தொழில் ஒத்துவரவில்லை. 1936-இல் பள்ளித் தலைமை ஆசிரியரோடு கைகலப்பு ஆனதில் வெளியே அனுப்பிவிட்டார்கள். முறையான படிப்பு அத்தோடு சரி. டக்காருக்கு வந்து கொத்து வேலை, மெக்கானிக் வேலை என்று கிடைத்ததைச் செய்தார். 1944-இல் பிரெஞ்சு காலனிய ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார்.

போர் முடிந்து திரும்பிய பிறகு டக்கார்-நைஜர் ரயில் பாதையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 1947 அக்டோபர் 10-இல் தொடங்கி 1948 மார்ச் 19 வரை, ஐந்து மாதத்துக்கும் மேல் ஆப்பிரிக்க ரயில்வே தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். பல வருடம் கழித்து அவருடைய மிகப் பெரிய நாவலாக வந்தது இந்தப் போராட்டம்தான்.

வேலை தேடி பிரான்சுக்குக் கப்பலேறியவர் பாரிஸில் சித்ரோயன் கார்த் தொழிற்சாலையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். எழுத்தாளர் செம்பேன் உருவான இடம் மார்செய். அங்கே தொழிற்சங்கத்தில் சேர்ந்தார், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். இந்தோசீனப் போருக்கு ஆயுதம் ஏற்றுவதை எதிர்த்த துறைமுகத் தொழிலாளர்களோடு நின்றார். சங்கத்தின் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தார். சுமை இறக்கும்போது முதுகெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு பழையபடி பாரம் தூக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. எழுத்துக்கு நேரம் கிடைத்தது அப்போதுதான்.

1956-இல் முதல் நாவல் ‘கறுப்புத் துறைமுகத் தொழிலாளி’ வந்தது. கதையைக் கேளுங்கள். மார்செய் துறைமுகத்தில் வேலை செய்யும் ஓர் ஆப்பிரிக்கர் ஒரு நாவல் எழுதுகிறார். அதைப் பதிப்பிக்க உதவுவதாகச் சொல்லி வாங்கிப் போன பிரெஞ்சு எழுத்தாளர் ஒருத்தி, தன் பெயரில் அச்சிட்டுப் புகழ் பெற்றுவிடுகிறாள். நியாயம் கேட்கப் போன இடத்தில் கொலை நடக்கிறது. நீதிமன்றத்தில், இந்த நாவலை எழுதியது நான்தான் என்று அவர் சொல்வதை நம்ப ஆளில்லை. ஒரு மூட்டை தூக்குகிறவன் நாவல் எழுதியிருக்க முடியுமா என்பதுதான் வழக்கே.

முதல் நாவலிலேயே அவர் கேட்ட கேள்வி, யாருடைய எழுத்து யார் பெயரில் போகிறது என்பது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு முறை திரும்பி வரும்.

1960-இல் ‘கடவுளின் மரத்துண்டுகள்’ வந்தது. மனிதர்களை எண்ணினால் ஆயுள் குறையும் என்ற நம்பிக்கையால், தலைகளை எண்ணாமல் மரத்துண்டுகள் என்று சொல்லி எண்ணும் வழக்கத்திலிருந்து வந்த தலைப்பு. ரயில்வே வேலைநிறுத்தம்தான் களம். ஆனால் தண்ணீருக்கும் அரிசிக்கும் அலைந்த பெண்களும், தியெஸிலிருந்து டக்கார் வரை நடந்தே போன அவர்களுடைய ஊர்வலமும்தான் அதன் உயிர். ஆப்பிரிக்க நாவல்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டிய நூல் என்று இன்றும் சொல்வேன்.

அந்தப் பெண்கள் படித்தார்களா?

செனகல் விடுதலை பெற்றது அதே 1960-இல். செம்பேன் ஊர் திரும்பினார், மேற்கு ஆப்பிரிக்காவிலும் காங்கோவிலும் பயணம் போனார். நாவலாசிரியராகப் பெயர் வாங்கியாயிற்று, பிரான்சில் மதிப்புரைகள் வந்தாயிற்று. ஆனால் தியெஸிலிருந்து டக்காருக்கு நடந்த அந்தப் பெண்கள் தங்களைப் பற்றிய நாவலைப் படிக்கவில்லை. படிக்கவும் முடியாது. நாவல் பிரெஞ்சில் இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு பிரெஞ்சு தெரியாது, பலருக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது.

அவர் சினிமாவுக்குப் போன காரணத்தைப் பேட்டிகளில் திரும்பத் திரும்ப இப்படித்தான் விளக்கினார். சினிமாவை மக்களுக்கான இரவுப் பள்ளி என்று அழைத்தார். பகல் முழுக்க உழைத்தவர்கள் ராத்திரி வந்து உட்கார்ந்து கேட்டு, பார்த்து, சண்டை போட்டுப் பேசுகிற இடம். இலக்கியம் தனக்கு அதிகம் பிடிக்கும் என்பதையும் அவர் மறைத்ததில்லை. ஆகவே இது ஒரு கலை அலுத்துப்போய் இன்னொரு கலைக்குத் தாவிய கதை அல்ல. வாசகரைத் தேடிப் போன எழுத்தாளரின் கதை. அந்த வாசகர் இருந்த இடத்துக்குப் புத்தகம் போகாது, படம் போகும்.

சரி, போவது என்று முடிவெடுத்தால் போதுமா? காலனிய நாட்களில் ஆப்பிரிக்கர் கையில் கேமரா வரக்கூடாது என்பதற்கு ஆணையே இருந்தது. லாவால் ஆணை என்று அழைக்கப்படும் 1934-ஆம் வருட உத்தரவின்படி, பிரெஞ்சு ஆப்பிரிக்காவில் படம் எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். 1955-இல் பவுலின் வியேரா என்ற இயக்குநரும் நண்பர்களும் ஆப்பிரிக்காவில் படம் பிடிக்க வழியில்லாமல் பாரிஸ் வீதிகளில் வாழும் ஆப்பிரிக்கர்களைப் படம் பிடித்தார்கள். இதே வியேராதான் பிற்பாடு செம்பேனின் படங்களுக்குத் தயாரிப்பு வேலைகளைப் பார்த்துக்கொண்டவர். ஆப்பிரிக்க சினிமாவின் வரலாற்றை எழுதியவர்களில் முன்னோடியும் அவர்.

செம்பேன் 1962-இல் மாஸ்கோ போனார். கார்க்கி ஸ்டூடியோவில் சோவியத் இயக்குநர் மார்க் தோன்ஸ்காயிடம் பாடம் கேட்டார். அப்போது அவருக்கு வயது 39. மூன்று நாவல் எழுதியவர், மாணவராக உட்கார்ந்து லென்ஸும் எடிட்டிங்கும் கற்றுக்கொண்டார். இந்த ஒரு வருடம் அவருடைய மொத்த வாழ்க்கையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

வண்டிக்காரன்

1963-இல் ‘போரோம் சரெத்’ வந்தது. இருபது நிமிடம் கூட முழுசாக ஓடாது. டக்காரில் குதிரை வண்டி ஓட்டுகிறவனின் ஒரு நாள். காலையில் தொழுகை, அப்புறம் வேலை. ஏறுகிறவர்களில் பாதிப் பேர் காசு கொடுப்பதில்லை. கிடைத்த கொஞ்சத்தையும், தன் முன்னோரின் பெருமையைப் பாடிய ஒரு பாடகனுக்குக் கொடுத்துவிடுகிறான். இறந்த குழந்தையைக் கையில் ஏந்திய ஒருவரை இடுகாட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறான். காகிதம் சரியில்லை என்று அவரை உள்ளே விட மறுக்கிறார்கள். வண்டிக்காரன் குழந்தையைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறான்.

பிறகு கோட்டு போட்ட ஒருவர், வண்டிகள் நுழையக்கூடாத ‘பிளாட்டோ’ என்ற மேட்டுக்குடிப் பகுதிக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார், தனக்குச் செல்வாக்கு உண்டு என்கிறார். போலீஸ்காரர் மறித்ததும் அந்த ஆள் நழுவிவிடுகிறார். அபராதம் எழுதும்போது வண்டிக்காரனின் பதக்கம் கீழே விழுகிறது. போரில் சண்டை போட்டதற்காகக் கொடுத்த பதக்கம். போலீஸ்காரரின் பூட்ஸ் அதன்மேல் ஏறி நிற்கிறது.

கேமரா அந்தப் பூட்ஸை மட்டும் காட்டுகிறது. நாவலில் இதற்கு ஒரு பத்தி தேவைப்பட்டிருக்கும், அந்தப் பத்தியில் எழுத்தாளரின் கோபம் தெரிந்திருக்கும். இங்கே கோபத்தைப் பார்க்கிறவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மாஸ்கோவில் ஒரு வருடம் கற்ற பாடம் அவருக்கு முழுசாகக் கைகூடிவிட்டது என்று இந்த ஒரு ஷாட்டை வைத்தே சொல்லலாம்.

வண்டி பறிபோய், குதிரையை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். மனைவி குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு, இன்று ராத்திரி நாம் சாப்பிடுவோம் என்று சொல்லி வெளியே போகிறாள். படம் முடிந்துவிடுகிறது.

சஹாராவுக்குத் தெற்கே கறுப்பு ஆப்பிரிக்கர் ஒருவர் ஆப்பிரிக்க மண்ணில் எடுத்த முதல் கதைப்படம் என்று பல வரலாறுகள் இதைக் குறிக்கின்றன. ஆனாலும் வண்டிக்காரனின் மனக்குரல் பிரெஞ்சில்தான் ஒலித்தது. மேசை இன்னும் நடுவிலேயே கிடந்தது.

ஆந்தீப்: ஒரு செய்தித் துணுக்கு, ஒரு சிறுகதை, ஒரு படம்

இந்த ஆய்வின் நடுப்பகுதி இதுதான், நிதானமாகவே பார்ப்போம்.

பிரான்சின் தென்கரையில் ஆந்தீப் என்ற ஊரில், ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் வேலை செய்த ஆப்பிரிக்கப் பெண் தற்கொலை செய்துகொண்ட செய்தி ஒன்று நாளிதழில் வந்தது. அதிலிருந்து செம்பேன் ஒரு சிறுகதை எழுதினார், 1962-இல் வந்த தொகுப்பில் அது இடம்பெற்றது. கதை 1958 ஜூன் மாதத்து ஒரு காலையில் தொடங்குகிறது. விசாரணைக்கு அதிகாரிகள் வந்து இறங்குகிறார்கள். பெண் இறந்துவிட்டாள் என்று முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவளுடைய வாழ்க்கை அதற்குப் பிறகுதான், பின்னோக்கி வருகிறது. முடிவில், ஊர் ஏக்கத்தில் கறுப்பினப் பெண் தற்கொலை என்று நாளிதழின் ஒரு மூலையில் வந்த சிறு செய்தியைப் படிக்கிறோம்.

1966-இல் இதையே ‘லா நுவார் தெ...’ என்ற படமாக்கியபோது செம்பேன் தொடக்கத்தை மாற்றினார். கப்பல் துறைமுகத்துக்குள் வருகிறது. ஒரு பெண் இறங்குகிறாள். யாராவது தன்னை அழைத்துப்போக வந்திருப்பார்களா என்று அவள் மனசு கேட்கிறது. கதையில் நாம் போலீசோடு உள்ளே போனோம், படத்தில் தியுவானா என்ற அந்தப் பெண்ணோடு கரை இறங்குகிறோம். அவள் சாகப் போகிறாள் என்று இப்போது நமக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. இந்த ஒரு மாற்றத்தால் அவள் வழக்குக் கட்டிலிருந்து எழுந்து மனுஷியாகிவிடுகிறாள்.

தலைப்பைப் பாருங்கள். பிரெஞ்சில் ‘தெ’ என்ற சொல் ஊரையும் குறிக்கும், உடைமையையும் குறிக்கும். ‘இந்த ஊரின் கறுப்புப் பெண்’ என்றும் படிக்கலாம், ‘இன்னாருடைய கறுப்புப் பெண்’ என்றும் படிக்கலாம். அதற்கு அடுத்து வர வேண்டிய சொல்லை எழுதாமல் மூன்று புள்ளி வைத்து விட்டுவிட்டார்.

டக்காரில் வேலை தேடித் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நடுவிலிருந்து எஜமானி தியுவானாவைத் தேர்ந்தெடுக்கிறாள். மற்றவர்கள் எழுந்து மொய்க்கிறார்கள், இவள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறாள். அந்த அடக்கம் எஜமானிக்குப் பிடித்துப்போகிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று சொல்லி பிரான்சுக்கு வரவழைத்துவிட்டு, அங்கே சமையல், துவையல், கழுவல் எல்லாம் தலையில் கட்டுகிறார்கள். வெளியே போக முடியவில்லை. அவள் பார்த்த பிரான்ஸ், சமையலறையும் படுக்கையறையும் வரவேற்பறையும்தான். நல்ல உடையும் குதிகால் உயர்ந்த செருப்பும் போட்டுக்கொண்டு தரை துடைக்கிறாள். எஜமானி ஏப்ரனைக் கட்டச் சொல்கிறாள், செருப்பைக் கழற்றச் சொல்கிறாள். அந்தச் செருப்புச் சத்தம் நின்ற பிறகு வீடு எவ்வளவு அமைதியாகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

சிறுகதையில் இல்லாத ஒன்று படத்தில் உண்டு, ஒரு முகமூடி. வேலை கிடைத்த சந்தோஷத்தில் தியுவானா அதை எஜமானிக்குப் பரிசாகக் கொடுக்கிறாள். டக்கார் வீட்டில் அது மற்ற ஆப்பிரிக்கப் பொருட்களோடு ஒன்றாகத் தொங்கியது. ஆந்தீப்பில் வெறும் வெள்ளைச் சுவரில் தனியாகத் தொங்குகிறது. ஒரு கட்டத்தில் தியுவானா அதைக் கழற்றி எடுத்துக்கொள்ள, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள்.

நான் அடிக்கடி திரும்பிப் பார்ப்பது கடிதக் காட்சியை. அம்மாவிடமிருந்து தியுவானாவுக்குக் கடிதம் வருகிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, எஜமானர் உரக்கப் படித்துக் காட்டுகிறார். பணம் அனுப்பவில்லை, எங்களை மறந்துவிட்டாய் என்கிறது கடிதம். அவள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். உடனே எஜமானர் தாளை எடுத்து அவள் சார்பில் பதில் எழுத ஆரம்பிக்கிறார். நான் நலம், இவர்கள் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்கிற தோரணையில் போகிறது. இது என் கடிதம் இல்லை என்று அவள் மனம் சொல்கிறது. கடிதத்தைப் பிடித்துக் கிழித்துப் போடுகிறாள்.

முதல் நாவலில் மூட்டை தூக்குகிறவனின் எழுத்தை இன்னொருத்தி தன் பெயரில் போட்டாள். இங்கே ஒருவர் தன் எழுத்தை அவள் பெயரில் போடுகிறார். திருட்டு ஒன்றுதான், திசைதான் மாறியிருக்கிறது. அம்மாவின் கடிதத்தை எழுதிக் கொடுத்தவர் டக்காரில் இருக்கும் அந்த ஆசிரியர், அதாவது செம்பேன். தானும் இன்னொருவர் சார்பில் எழுதுகிறவன்தான் என்ற உறுத்தலை அவர் இந்தக் காட்சியில் வெளிப்படையாகவே வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அவள் இறந்த பிறகு, எஜமானர் பெட்டியையும் சம்பளப் பாக்கியையும் முகமூடியையும் எடுத்துக்கொண்டு டக்காருக்கு வருகிறார். அந்த ஆசிரியர்தான் அவரை வீட்டுக்கு அழைத்துப் போகிறார், பேச்சை மொழிபெயர்க்கிறார். தாய் பணத்தைத் தொடவில்லை. ஒரு சிறுவன் முகமூடியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடக்கிறான். அவர் வேகம் கூட்டுகிறார், திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், பாலத்தைத் தாண்டிக் காருக்கு ஓடுகிறார். பிறகு சிறுவன் முகமூடியை மெல்ல இறக்குகிறான். அவன் அழுதுகொண்டிருக்கிறான்.

படத்துக்கு பிரான்சின் ஷான் விகோ பரிசு கிடைத்தது. துனிசியாவில் அதே 1966-இல் தொடங்கிய கார்த்தேஜ் திரைப்பட விழாவின் முதல் தங்க விருதும் கிடைத்தது.

ஆனால் குறையையும் சொல்ல வேண்டும். ‘சரி மேடம்’ என்பதைத் தாண்டி அதிகம் பேசாத தியுவானாவின் மனக்குரல் சரளமான பிரெஞ்சில் ஓடுகிறது. திரையில் நடித்தவர் செனகலின் ம்பிசின் தெரேஸ் தியோப், குரல் ஹைட்டியைச் சேர்ந்த பாடகி தோத்தோ பிசாந்தினுடையது. கடிதத்தைக் கிழித்த பெண்ணுக்குச் சொந்த மொழியில் நினைக்கக் கூட இந்தப் படத்தில் வாய்ப்பில்லை. பணமும் விநியோகமும் பிரெஞ்சுக் கையில் இருந்த காலம் அது. அதைப் புரிந்துகொள்ள முடிகிறது, ஆனாலும் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அந்தக் குரல் இடறுகிறது.

மணியார்டர்

இரண்டே வருடத்தில் அந்த இடறலைச் சரிசெய்தார். ‘மந்தாபி’ முழுக்க, செனகலில் பெரும்பாலோர் பேசும் வோலோஃப் மொழியில் பேசியது. மேற்கு ஆப்பிரிக்க மொழி ஒன்றில் எடுத்த முதல் முழுநீளப் படம் என்று இதைச் சொல்கிறார்கள். தயாரிப்புக்குப் பிரெஞ்சு அரசின் திரைப்பட மையம் முன்பணம் கொடுத்ததால், பிரெஞ்சிலும் ஒரு வடிவம் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆக ஒரே படத்தை இரண்டு மொழியில் எடுத்தார். ஊர்க்காரர்கள் பார்த்தது வோலோஃப் வடிவத்தை.

இதுவும் முதலில் அவர் எழுதிய குறுநாவல்தான். இப்ராஹிமா தியெங் வேலையில்லாத மனிதர், இரண்டு மனைவி, வீடு நிறையப் பிள்ளைகள். பாரிஸில் தெருப் பெருக்கும் சகோதரி மகன் 25,000 ஃபிராங்க் மணியார்டர் அனுப்புகிறான். அதில் 20,000 அவனுக்காகச் சேர்த்து வைக்க வேண்டியது, 3,000 அவன் அம்மாவுக்கு, தியெங்குக்கு வெறும் 2,000. ஆனால் மணியார்டர் வந்த செய்தி தெருவில் பரவியதும் கடைக்காரர் கடன் கொடுக்கிறார், அக்கம்பக்கத்தார் கடன் கேட்கிறார்கள், வீட்டில் நல்ல சாப்பாடு.

பணம் வாங்க அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ், புகைப்படம், ஸ்டாம்ப் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்குப் பிறந்த தேதி வேண்டும். தியெங்குக்குத் தெரிந்ததெல்லாம் 1900 வாக்கில் பிறந்தோம் என்பதுதான். புகைப்படக்காரன் காசை வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறான், கேட்கப் போனால் அடிதான் மிச்சம். ஒவ்வொரு கவுன்ட்டரிலும் இன்னொரு கவுன்ட்டருக்கு வழி சொல்கிறார்கள். கடைசியில் படித்த, சூட்டுப் போட்ட ஓர் உறவினர், கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு தானே பணத்தை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். எடுத்தும் விடுகிறார். அப்புறம் வந்து, பிக்பாக்கெட் அடித்துவிட்டான் என்கிறார். தியெங்கின் கையில் மிஞ்சியது கொஞ்சம் அரிசியும் சில்லறையும்.

அயல்நாட்டில் உழைக்கும் பிள்ளையின் பணத்துக்காகக் காத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படத்தை விளக்கவே வேண்டாம். பணம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே செலவாகிவிடுகிற கணக்கு நமக்குத் தெரிந்த கணக்குத்தான்.

நாவலிலிருந்து படத்துக்கு வந்தபோது கிடைத்தது என்ன என்பதற்கு இரண்டு உதாரணம். ஒன்று, படத்தின் தொடக்கம். மரத்தடியில் நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்து மொட்டை அடிக்கிறார்கள். தியெங்கின் தலையில் கத்தி ஓடுகிறது, அப்புறம் மூக்குத்துளைக்குள் போகிறது. வெகுநேரம் அதையே பார்க்கிறோம். இவர் தன்னை எவ்வளவு பெரிய மனிதராக நினைக்கிறார் என்பதும், எவ்வளவு எளிதில் மற்றவர் கத்திக்குத் தலை கொடுக்கிறார் என்பதும் ஒரு வசனமும் இல்லாமல் தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று, முதலில் சொன்ன கடிதக் காட்சி. செம்பேனின் குரலில் கடிதம் ஓடும்போது, பாரிஸில் அந்தப் பையன் துடைப்பத்தோடு தெருப் பெருக்குவதைத் திரை காட்டுகிறது. தியெங் கடிதத்தைக் காதால் கேட்கிறார், நாம் பையனைக் கண்ணால் பார்க்கிறோம். படம் பார்க்க வந்தவர்களில் எழுத்து தெரியாதவருக்கும் இப்போது கடிதத்தில் உள்ளது அத்தனையும் தெரியும். எழுத்தாளர் மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட கணம் என்று நான் குறிப்பது இதைத்தான்.

வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. ஆனால் செம்பேன் படச்சுருளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனதும், படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுக் கூட்டத்தோடு விவாதித்ததும்தான் அந்தப் படத்தின் உண்மையான வெளியீடு. 1970-களின் தொடக்கத்தில் மொழியியலாளர் பாத்தே தியாஞோடு சேர்ந்து ‘கத்து’ என்ற வோலோஃப் பத்திரிகையும் நடத்தினார்.

ஒரு எழுத்துக்காகத் தடை

அடுத்து வந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1971-இல் ‘எமிதாய்’: போருக்காக பிரெஞ்சு ராணுவம் அரிசி கேட்க, கொடுக்க மறுத்து அதை ஒளித்துவைக்கும் கசமான்ஸ் பெண்கள். 1975-இல் ‘சாலா’: விடுதலைக்குப் பின் வந்த புதுப் பணக்காரர் ஒருவர் மூன்றாம் கல்யாணத்து ராத்திரி ஆண்மை இழக்கிறார். மெர்சிடிஸ் காருக்கு எவியான் பாட்டில் தண்ணீர் ஊற்றுகிற மனிதர் கடைசியில் பிச்சைக்காரர்கள் நடுவில் நிர்வாணமாக நின்று அவர்கள் துப்பும் எச்சிலை ஏற்கிறார். தணிக்கையில் பல இடங்களில் வெட்டினார்கள். வெட்டப்பட்ட காட்சிகளைத் துண்டுப்பிரசுரமாக அச்சிட்டு மக்களுக்கு விநியோகித்தார் செம்பேன். படம் எடுக்கிறவருக்குள் இருந்த எழுத்தாளர் கைகொடுத்த இடம் அது.

1977-இல் ‘செத்தோ’. மதம் மாற மறுத்து நிற்பவர்களைக் குறிக்கும் சொல். கிராமம் ஒன்றை மதமும் அடிமை வியாபாரமும் சேர்ந்து விழுங்குவதைச் சொன்ன படம். செனகலில் தடை விழுந்தது, அதற்குச் சொன்ன காரணம் எழுத்துப்பிழை. வோலோஃப் எழுத்துமுறை குறித்த அரசாணைப்படி தலைப்பில் ஒரு ‘டி’ தான் வர வேண்டும், செம்பேன் இரண்டு போட்டிருந்தார். ஒன்றை எடுக்க மறுத்தார். அப்போதைய ஜனாதிபதி செங்கோர், பிரெஞ்சில் எழுதிய புகழ்பெற்ற கவிஞர். நாட்டின் மொழியை எப்படி எழுதுவது என்று இரண்டு எழுத்தாளர்கள் மோதிக்கொண்டார்கள், ஒருவர் கையில் அரசாங்கம் இருந்தது. செங்கோர் பதவியில் இருந்தவரை படம் அங்கே வெளிவரவில்லை. டக்காரில் தன் வீட்டுக்கு செம்பேன் வைத்த பெயர் ‘கால்லே செத்தோ’, செத்தோவின் வீடு.

அடுத்த படத்துக்குப் பதினோரு வருடம் ஆயிற்று. 1988-இல் தியெர்னோ ஃபாத்தி சோவுடன் சேர்ந்து எடுத்த ‘தியாரோயே முகாம்’. ஜெர்மானியச் சிறைகளிலிருந்து திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் சம்பளப் பாக்கி கேட்கிறார்கள். கையிலிருந்த பிரெஞ்சுப் பணத்துக்குப் பாதி மதிப்பே தருவோம் என்கிறார்கள் அதிகாரிகள். 1944 டிசம்பர் 1 விடியற்காலையில் பிரெஞ்சு ராணுவம் அவர்களைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்கள் 35 பேர் என்று அப்போது அரசு சொன்னது, பல மடங்கு அதிகம் என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். செம்பேன் சீருடை போட்டதும் அதே 1944-இல்தான். செனகல், அல்ஜீரியா, துனிசியா மூன்றும் சேர்ந்து தயாரித்தன, பிரான்சின் பணம் ஒரு காசு கூட இல்லை. மறுபடியும் வெனிஸில் சிறப்புப் பரிசு.

1963-இலிருந்து 2004 வரை ஒன்பது முழுநீளப் படம். அவரிடம் இருந்த கதைகளுக்கு இது ரொம்பக் குறைவு. ‘கடவுளின் மரத்துண்டுகள்’ நாவலை அவர் படமாக்கவே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த சமோரி தூரே பற்றிய பெரிய படம் ஒன்றைப் பல வருடம் கனவு கண்டார், அதற்குப் பணம் புரளவில்லை. நாவலுக்குக் காகிதமும் பேனாவும் போதும், படத்துக்கு யாராவது பணம் தர வேண்டும். அவர் வாசகரைப் பெறக் கொடுத்த விலை இது. அதிகம்தான். எழுத்தை விட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1992-இல் ‘கெல்வார்’ படத்தை எடுத்தவர், 1996-இல் அதை நாவலாக எழுதினார். அந்த முறை பயணம் எதிர்த்திசையில் நடந்தது.

கயிறு

கடைசிப் படம் ‘மூலாதே’ 2004-இல் வந்தது, அவருக்கு 81 வயது. புர்கினா ஃபாஸோவில் ஜெரிஸோ என்ற கிராமத்தில் வைத்து எடுத்தார். சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் சடங்கிலிருந்து தப்பித்து, நான்கு சிறுமிகள் கோலே என்ற பெண்ணிடம் அடைக்கலம் கேட்டு ஓடி வருகிறார்கள். தன் மகளுக்கு அந்தச் சடங்கைச் செய்ய விடாதவள் அவள். வீட்டு வாசலின் குறுக்கே வண்ணக் கயிறு ஒன்றைக் கட்டுகிறாள். மூலாதே என்றால் அடைக்கலம். கயிறு முழங்காலுக்குக் கூட வராது, ஒரு குழந்தை தாண்டிவிடலாம். ஆனால் கட்டியவள் வாய்விட்டு ஒரு சொல்லைச் சொன்னால் தவிர அதை யாரும் மீற முடியாது.

ஊர்ப் பெரியவர்கள் கோலேயின் புருஷன் கையில் சாட்டையைக் கொடுக்கிறார்கள். ஊர் நடுவில் எல்லோரும் பார்க்க அவளை அடிக்கிறான், அந்தச் சொல்லைச் சொல்லு என்கிறார்கள் ஆண்கள். சொல்லாதே என்கிறார்கள் பெண்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.

செம்பேன் அறுபதுகளில் எடுத்த படங்களில் ஏழைகளுக்கு நடுவில் எழுதத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். கடிதம் எழுத, படித்துக் காட்ட, மொழிபெயர்க்க. இந்தப் படத்தில் அவர் நடிக்கவில்லை. கோலேக்கு எழுதிக் கொடுக்க யாரும் தேவைப்படவில்லை. பம்பாரா மொழியில் அவளே பேசுகிறாள், சபையில் ஆண்களை நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிறாள்.

கான் விழாவில் ‘அன் செர்தேன் ரெகார்’ பிரிவின் பரிசு பெற்ற இந்தப் படத்துக்குப் பிறகு அவர் இன்னொரு படம் எடுக்கவில்லை. 2007 ஜூன் 9 அன்று டக்காரில் காலமானார்.

பெண்களுக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும் ஊர்ப் பெரியவர்கள் ரேடியோ கேட்டுத்தான் கெட்டுப்போகிறார்கள் என்று முடிவு செய்கிறார்கள். வீடு வீடாகப் புகுந்து எல்லா ரேடியோவையும் பறித்து வந்து மசூதிக்கு முன்னால் மலைபோல் குவிக்கிறார்கள், பிறகு கொளுத்துகிறார்கள். நெருப்பு வைக்கும் முன் கேமரா அந்தக் குவியலில் கொஞ்ச நேரம் நிற்கிறது. அணைக்க மறந்த சில ரேடியோக்கள் அதற்குள்ளிருந்து இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன.